எபிசோடு எழுத்து வடிவம்: கூடை நல்லாத்தான் இருக்கு, ஏன் விக்கல?

(பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களையும் இழுவைகளையும் மட்டும் நீக்கியிருக்கிறோம். பேச்சு நடை அப்படியே இருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு கூடையப் பத்தி. வாழைநார்க் கூடை. விலை 450 ரூபாய். பின்றதுக்கு ஏழு மணி நேரம். ஆன்லைன்ல ஆறு மாசமா கடை போட்டும் சரியா ஓடல. ஏன்னு கணக்குப் போட்டுப் பார்க்கப் போறோம். கைவேலைப் பொருள் செய்ற யாருக்கும், அது குரோஷாவா இருக்கட்டும், டெரகோட்டா கம்மலா இருக்கட்டும், சில்க் த்ரெட் வளையலா இருக்கட்டும், நம்பரை மட்டும் மாத்திக்கிட்டா இதே கணக்கு பொருந்தும்.

கடை எங்க பெரியப்பா பொண்ணோடது. தேனி மாவட்டம் கூடலூர். நீலகிரி கூடலூர் இல்லைங்க, கம்பம் தாண்டி குமுளி மலை ஏறுறதுக்கு முன்னாடி வருதே, அந்தக் கூடலூர். அந்தப் பள்ளத்தாக்கு பூரா திராட்சை, தென்னை, வாழை. தார் வெட்டுனதுக்கு அப்புறம் வாழை மரத்தால தோட்டக்காரருக்குப் பெருசா பிரயோஜனம் இல்ல, வெட்டிப் போட்டுடுவாங்க. அந்த மட்டையக் காய வெச்சு, கிழிச்சு, நாரா முறுக்கி அக்கா கூடை பின்னுது. பக்கத்து வீட்டு அக்காங்க ரெண்டு பேரும் கூடச் சேர்ந்துக்குவாங்க. பூக்கட்டுற வாழைநார நம்ம எல்லாரும் பார்த்திருப்போம்ல, அதே நார்தான், கொஞ்சம் தடிமனா முறுக்குனது.

எனக்கு வந்த போன் இதுதான்: "தம்பி, கடை ஓடலடா. ஒரு ஏஜென்சிக்காரன் 25,000 கேக்குறான், முப்பது நாள்ல ஆயிரம் ஆர்டர் வரும்ங்குறான். சங்கிலிய அடகு வெச்சுக் கட்டிரவா?"

சாப்ட்வேர்ல வேலை பாக்குறவன்கிட்ட கேட்டா அவன் முதல்ல லாகின் கேப்பான். நானும் கேட்டேன்.

கடையில கோளாறு இல்ல

ஆறு மாசத்துல கடைப் பக்கத்துக்கு வந்தவங்க 1,340 பேர். ஆர்டர் 19. அதுல எட்டு எங்க சொந்தக்காரங்க, அவங்களக் கழிச்சா 11. நூத்துக்கு ஒண்ணுக்குக் கொஞ்சம் கீழ. கேட்டதும் பரிதாபமாத் தோணும். ஆனா ஆன்லைன் கடைகள்ல நூறு பேர் எட்டிப் பார்த்தா ஒருத்தர், ரெண்டு பேர் வாங்குறதுதான் சாதாரணம். அந்த அளவுல பார்த்தா அக்கா கடை மோசமில்ல. பேமெண்ட் பக்கம் வேலை செய்யுது, மொபைல்ல சரியாத் தெரியுது, போட்டோ சுமார். ஒரே ஒரு குறை, கூடை எவ்வளவு பெருசுன்னு போட்டோவப் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. "பக்கத்துல ஒரு தேங்காய வெச்சு எடுக்கா"ன்னு சொன்னேன். இப்ப எல்லா போட்டோலயும் ஒரு தேங்காய் இருக்கு.

ஏஜென்சி சொல்றது என்ன? "உங்க பொருள் நல்ல பொருள் மேடம், ஆனா ரீச் இல்ல. ஆளக் கொண்டு வந்து விடுறது எங்க வேலை." கேக்க நியாயமாத்தான் இருக்கு. 1,340 பேருக்கு 11 ஆர்டர்னா, பத்து மடங்கு பேரக் கொண்டு வந்தா 110 ஆர்டர். அப்படித்தானே?

அங்க போறதுக்கு முன்னாடி ஒரு கூடைக்குள்ள இருக்குற காசை எண்ணிப் பார்த்துடுவோம்.

விக்கிற விலை 450, டெலிவரி ப்ரீ. நாரு, கைப்பிடிக்குத் துணி, சாயம் எல்லாம் சேர்த்து 70. அட்டைப் பெட்டி, டேப்பு 35. பேமெண்ட் கேட்வே ரெண்டு சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, ஆக 11. கூரியர், சென்னைக்கு, 210. கூட்டினா 326. அக்கா கைக்கு வர்றது 124 ரூபாய்.

ஏழு மணி நேர வேலைக்கு 124. மணிக்கு 18 ரூபாய் கூட முழுசா இல்ல.

2025-26-ல நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டுல அறிவிச்ச நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 42. அக்கா வாங்குறது அதுல பாதி கூட இல்ல, அதுவும் கூடை வித்தா மட்டும்.

இதை அக்காகிட்ட சொன்னப்ப வந்த பதில் எல்லா வீட்லயும் வர்ற பதில்தான்: "அது சும்மா இருக்குற நேரத்துல பின்றதுதானடா, அதுக்கெல்லாமா கணக்கு?" இந்த இடத்துல நான் கொஞ்சம் நிக்கணும். சும்மா இருக்குற நேரம்னு ஒண்ணு அக்காவுக்குக் கிடையாது. காலைல தண்ணி புடிக்கணும், ரெண்டு பிள்ளைங்களக் கிளப்பணும், சாயங்காலம் மாமியார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். அதுக்கு நடுவுல திருடி எடுக்குற நேரம் அது. அந்த நேரத்துக்கு விலை பூஜ்யம்னு நம்ம வெச்சா, கணக்குல எல்லாமே லாபமாத்தான் தெரியும். 450 ரூபாய் விலை வந்ததும் அப்படித்தான். வேற ஒரு சைட்ல அதே மாதிரி கூடை 499-னு பார்த்துட்டு, அதுக்குக் கீழ வெச்சது.

நேரத்தக் கூலி வேலை ரேட்டுக்குப் போட்டா கூட 7 மணிக்கு 294 ரூபாய். செலவு 326 சேர்த்தா 620. லாபம்னு ஒரு ரூபாய் கூட வைக்காம, விளம்பரம்னு ஒரு ரூபாய் கூடப் போடாம, அந்தக் கூடையோட உண்மையான விலை 620.

25,000 ரூபாய்க்கு என்ன வரும்?

இப்ப ஏஜென்சி பேக்கேஜுக்கு வருவோம். 25,000-ல அவங்க சம்பளம் 10,000, மிச்சம் 15,000 விளம்பரத்துக்குன்னு அவங்க அனுப்புன பிடிஎஃப்லயே இருக்கு. ஒரு கிளிக்குக்கு 4 ரூபாய்னு வைங்க, 3,750 பேர் வருவாங்க. நூத்துக்கு 0.8 கணக்குல 30 ஆர்டர். ஆர்டருக்கு 124 வீதம் 3,720 ரூபாய் வரும்.

25,000 குடுத்து 3,720 வாங்குறது. இதுக்கு சங்கிலி அடகு.

கிளிக் ரேட்டு பாதியாக் கிடைச்சாலும், வாங்குறவங்க எண்ணிக்கை ரெண்டு மடங்கானாலும், கணக்கு நஷ்டத்துலதான் நிக்குது. நீங்களே போட்டுப் பாருங்க. ஒரு ஆர்டரக் கொண்டு வர நானூறு, ஐநூறு ரூபாய் ஆகுது, ஒரு ஆர்டருக்குள்ள இருக்குறது 124.

அதவிடப் பெரிய சிரிப்பு, அந்த ஆயிரம் ஆர்டர். உண்மையாவே வந்துடுச்சுன்னு வைங்க. ஆயிரம் கூடை, கூடைக்கு ஏழு மணி, 7,000 மணி நேரம். மூணு பேர், ஆளுக்கு நாளைக்கு ஆறு மணி நேரம் உக்கார்ந்தா 18 மணி. 389 நாள். லீவே இல்லாம ஒரு வருஷத்துக்கு மேல. கஸ்டமர் நாலு நாள்ல டெலிவரி எதிர்பார்ப்பாரு.

நான் வேலை பாக்குற உலகத்துல ஒரு ஆப் எழுதிட்டா, ரெண்டாவது ஆளுக்கு அதைக் குடுக்குறதுக்குக் கிட்டத்தட்ட செலவே இல்ல. பத்தாயிரம் பேருக்குக் குடுத்தாலும் அதே கோடுதான். அதனால ஆளப் பிடிக்கிறதுக்கு எவ்வளவு செலவு பண்ணாலும் ஒரு நாள் வசூலாகிடும்னு ஒரு நம்பிக்கை. யூட்யூப்ல "ஆன்லைன் பிசினஸ் வளர்க்க அஞ்சு வழி"ன்னு வர்ற அறிவுரைல பெரும்பகுதி அந்த உலகத்துலேருந்து வந்தது. இல்லேன்னா, ஃபேக்டரில அச்சடிச்ச மாதிரி பொருள் எடுத்து விக்கிறவங்களுக்கானது. நூறாவது கூடைக்கும் ஏழு மணி நேரம் ஆகுற ஆளுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அக்கா கடையோட இடைஞ்சல் ரீச் கிடையாது. ஒவ்வொரு ஆர்டருக்குள்ளயும் இடமில்லாததுதான் இடைஞ்சல்.

எட்ஸில என்ன நடந்துச்சு

இது கூடலூருக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்ல. கைவேலைக்குன்னே ஆரம்பிச்ச பெரிய சந்தை எட்ஸி. 2005-ல நியூயார்க் புரூக்ளின்ல ஆரம்பிச்சாங்க. பேச்சே "கையால செஞ்சது மட்டும்"ங்கிறதுதான். 2013 அக்டோபர்ல விதிய மாத்தி, வெளி உற்பத்தியாளர வெச்சுச் செஞ்சும் விக்கலாம்னாங்க. அவங்க பக்கத்துலயும் ஒரு நியாயம் இருந்துச்சு: நல்லா ஓடுற கடைக்காரங்களால ரெண்டு கையால அவ்வளவு ஆர்டரச் சமாளிக்க முடியல. நம்ம 389 நாள் கணக்கு இருக்கே, அதேதான். ஆனா அந்தக் கதவு திறந்ததும், ஒரே தேடல் பக்கத்துல ஏழு மணி நேரக் கூடையும் மொத்தமாச் செஞ்சு இறக்குனதும் பக்கத்துல பக்கத்துல வந்து நின்னுச்சு. 2015-ல கம்பெனி பங்குச் சந்தைக்குப் போச்சு. விக்கிற தொகைல எடுக்குற கட்டணம் 2018-ல 3.5 சதவீதத்துலேருந்து 5 ஆச்சு. 2022 ஏப்ரல் 11-லேருந்து 6.5. அன்னைக்கே ஆயிரக்கணக்கான கடைக்காரங்க ஒரு வாரம் கடையச் சாத்தி ஸ்ட்ரைக் பண்ணாங்க. கட்டணம் குறையல.

இதுக்கு மேல, எட்ஸி வெளியில விளம்பரம் போட்டு அது மூலமா ஆர்டர் வந்தா, சின்னக் கடைக்கு இன்னொரு 15 சதவீதம் புடிப்பாங்க. ஆளப் பிடிச்சுக் குடுக்குறதுக்கு விலை அது. ஃபேக்டரிப் பொருள் விக்கிறவருக்கு அது சமாளிக்கக் கூடிய செலவு. 450-ல 124 மிஞ்சுற ஆளுக்கு, 15 சதவீதம்னா 67 ரூபாய். பாதிக்கு மேல போச்சு.

"அப்ப டாலர்ல விப்போம்"னு கேக்குறவங்களுக்கு: அமெரிக்காவுல 800 டாலருக்குள்ள வர்ற பார்சலுக்கு வரி இல்லைன்னு இருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஓட நின்னுடுச்சு. அதையொட்டி நம்ம தபால் துறையே கொஞ்ச காலம் அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல எடுக்கல. ஒரு கூடை, ஒரு கூடையா அனுப்புறவங்களுக்குத்தான் அது மொத அடி.

காத்துக்குக் காசு கட்டுறோம்

மேல ஒரு நம்பர வேகமாத் தாண்டிட்டோம், கூரியர் 210. கூடை எடை 400 கிராம்தான். அரை கிலோ பார்சலுக்கு 210-ஆ?

கூரியர்ல ரெண்டு எடை பார்ப்பாங்க. ஒண்ணு தராசு எடை. இன்னொண்ணு, பெட்டி அடைக்கிற இடத்த வெச்சுப் போடுற எடை. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி, 5,000-ஆல வகுப்பாங்க. எது அதிகமோ அதுக்குத்தான் காசு. அக்கா கூடைப் பெட்டி 30-க்கு 30-க்கு 25. பெருக்கினா 22,500. வகுத்தா 4.5 கிலோ. 400 கிராம் கூடைக்கு நாலரைக் கிலோ காசு கட்டுறோம். மிச்சம் நாலு கிலோவும் கூடைக்குள்ள இருக்குற காத்து.

இதைக் கண்டுபிடிச்சதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! ஏன்னா இதைச் சரி பண்ண முடியும். காத்து இருக்குற இடத்துல இன்னொரு கூடைய வைக்கலாம். பெருசுக்குள்ள நடு, நடுவுக்குள்ள சின்னது. நம்ம வீட்டு எவர்சில்வர் டப்பா அடுக்கு மாதிரி. மூணு கூடை, அதே பெட்டி, அதே 210.

கணக்கு: மூணும் பின்ன 7, 5, 4-னு 16 மணி நேரம். நாரு, துணி 150, பெட்டி 35, கேட்வே 26, கூரியர் 210. அடுக்கு விலை 1,100 வெச்சா 679 நிக்கும். மணிக்கு 42 ரூபாய் சொச்சம். அப்பதான் கூலி வேலையத் தொட்டோம்! ஆனா தனிக் கூடைல 18-க்குக் கீழ இருந்தது. ஒரு பைசா விளம்பரம் இல்லாம, பெட்டிய மட்டும் நிரப்பி ரெண்டு மடங்குக்கு மேல. சாப்பாட்டு மேஜை விரிப்பு மாதிரி தட்டையான பொருள்னா இன்னும் சுலபம். 30-க்கு 30-க்கு 3 பெட்டி அரைக் கிலோ சொச்சம்தான் வரும்.

கேஷ் ஆன் டெலிவரி பத்தி ஒரு வார்த்தை. அந்த 11 ஆர்டர்ல மூணு திரும்பி வந்துச்சு. ஒருத்தர் "இவ்வளவு பெருசா இருக்கும்னு நெனைக்கல"ன்னாரு (தேங்காய் வந்த கதை அதுதான்), ரெண்டு பேர் போனே எடுக்கல. போறதுக்கும் காசு, திரும்பி வர்றதுக்கும் காசு. ஒரு கூடை திரும்பினா ரெண்டு மூணு கூடையோட உழைப்பு அதோட போயிடுது. அக்கா அத நிறுத்திடுச்சு. வாங்க வேண்டியவங்க முன்கூட்டிக் கட்டித்தான் வாங்குறாங்க.

மேலக்கால் கயிறு

வாழைநார்ல உண்மையாவே நின்னு காட்டுன ஆள் ஒருத்தர் நமக்குப் பக்கத்துலயே இருக்காரு. மதுரை மாவட்டம் மேலக்கால் கிராமத்து முருகேசன். பூக்கட்ட நூலுக்குப் பதிலா வாழைநார உபயோகிக்கிறதப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனையே வந்துச்சுன்னு பேட்டிகள்ல சொல்லியிருக்காரு. கையால முறுக்குறதுல கட்டுப்படி ஆகல. சைக்கிள் சக்கரத்தோட ரிம்ம வெச்சு நார் முறுக்குற ஒரு மெஷினத் தானே உருவாக்குனாரு. கயிறு மெஷின்ல வரும், அதை ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போய் கூடையா, பாயா, பையா பின்னுவாங்க. சரக்கு மொத்தமாப் போகும், வெளிநாட்டுக்கும் போகும்.

இதுல எனக்குப் புடிச்சது மெஷின் கூட இல்ல. எந்த வேலைய மெஷினுக்குக் குடுக்கணும், எதைக் கைக்கு விடணும்னு பிரிச்ச விதம். முறுக்குறதுல கைவண்ணம் ஒண்ணும் கிடையாது, வெறும் முதுகுவலிதான். பின்னல்லதான் கை தெரியும். அக்காகிட்ட கேட்டேன், ஏழு மணி நேரத்துல முறுக்கு எவ்வளவு? மூணு மணி. அப்ப முறுக்குன கயிற வெளியில வாங்கிட்டா நாலு மணி நேரக் கூடை. நாருக்கான செலவு கூடும், ஆனா மூணு மணி நேரம் மிஞ்சும். அக்கா இன்னும் யோசிச்சிக்கிட்டு இருக்கு. "அப்ப நம்ம தோட்டத்து நாருன்னு சொல்ல முடியாதேடா"ங்குது. அதுவும் ஒரு நியாயம்தான், அதுக்கு என்கிட்ட எக்செல்ல பதில் இல்ல.

ஆள் ஏற்கெனவே வர்ற இடம்

கூடலூர்ல எனக்கு எப்பவும் ஆச்சரியம் அந்த ரோட்டோர திராட்சைக் கடைங்கதான். கம்பம் பன்னீர் திராட்சை, 2023-ல புவிசார் குறியீடு வாங்குனது, வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல காய்ச்சுக்கிட்டே இருக்கும். தோட்டத்து ஓரத்துல ஒரு மேஜை, நாலு பெட்டி. அவங்க யாரும் ரீச்சுக்குக் காசு கட்டல. தேக்கடிக்குப் போறவங்க அந்த வழியாத்தான் போகணும். கார்த்திகை பொறந்தா தை வரைக்கும் சபரிமலைக்குப் போற வண்டிங்க அந்த வழியாத்தான் வரும். ஆள் தேடுற செலவ ரோடே பார்த்துக்குது.

ஆன்லைன்ல அப்படி ரோடு இல்லையான்னா, இருக்கு. ஆனா பேர் தெரிஞ்சு நிக்கணும். அக்கா கடையில பொருளோட பேர் எல்லாமே "கைவினை வாழைநார் இயற்கைக் கூடை". அதை யார் தேடுவா? வீட்டுல விசேஷம் வெச்சிருக்கறவங்க "சீர்வரிசைத் தட்டு"ன்னு தேடுவாங்க, "ரிட்டர்ன் கிஃப்ட் நூறு ரூபாய்க்குள்ள"ன்னு தேடுவாங்க, கோயிலுக்குப் போறவங்க "அர்ச்சனைக் கூடை"ன்னு தேடுவாங்க. செஞ்ச பொருளோட பேர் நமக்கு முக்கியம். வாங்குறவங்களுக்கு எதுக்கு வாங்குறோம்ங்கிறதுதான் முக்கியம். பேர் மாத்துறது ஒரு சாயங்கால வேலை, செலவில்ல.

இதுல ரிட்டர்ன் கிஃப்ட்ங்கிறது சாதாரண வார்த்தை இல்ல. செட்டிநாட்டுக் கொட்டான் தெரியுமா, பனை ஓலைல கலர் கலரா பின்னுற கூடை? ஒரு காலத்துல செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்கு வீட்டுப் பொம்பளைங்களே பின்னுவாங்க. கிட்டத்தட்ட மறைஞ்சு போன வேலை. விசாலாட்சி ராமசாமி ஆரம்பிச்ச எம்.ஆர்எம்.ஆர்எம். அறக்கட்டளை காரைக்குடிப் பக்கத்துப் பெண்களுக்குப் பயிற்சி குடுத்து மறுபடி கொண்டு வந்துச்சு, புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. அந்தக் கொட்டானுக்கு ஒரு வேலை இருக்கு: விசேஷ வீட்டுல சீர் வைக்க, தாம்பூலம் குடுக்க. ஒரு கல்யாணம்னா ஒரு கொட்டான் இல்ல, நூறு, இருநூறு. ஒரே பேச்சு, ஒரே அட்வான்ஸ், ஒரே பார்சல்.

அக்காவுக்கு அதே மாதிரி ஒண்ணு கம்பத்துலயே கிடைச்சுச்சு. தைல ஒரு கல்யாணம். 150 சின்னக் கூடை, தேங்காய் பழம் வெச்சுத் தாம்பூலமாக் குடுக்க. தேங்காய் வெச்ச போட்டோவ வாட்ஸ்அப்ல பார்த்துட்டுப் பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டது. கூடை 85 ரூபாய். நாருக்கு 12 போக 73. பின்ன ஒன்றரை மணி நேரம். மணிக்கு 48 சொச்சம், கூலி வேலையவிட மேல. கூரியர் கிடையாது, அவங்களே வந்து எடுத்துக்குவாங்க. மொத்தம் 10,950 ரூபாய். ஆறு மாச ஆன்லைன் ஆர்டர் 19-ம் ஒண்ணு கூடத் திரும்பாமப் போயிருந்தாலே 2,356 தான் வந்திருக்கும். ஏஜென்சிக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு, சங்கிலி கழுத்துலயே இருக்கு.

குமுளில ஒரு மசாலாக் கடைக்காரரும் டூரிஸ்ட்டுக்கு வைக்கிறேன்னு கேட்டிருக்காரு. "வித்தா காசு"ங்குறாரு. அக்காகிட்ட நான் சொன்னது, பத்துக் கூடைக்கு மேல அப்படிக் குடுக்காத, மத்தது காசு குடுத்தே வாங்கட்டும். வித்தா காசுன்னா, விக்காத சரக்குல பூஞ்சை வர்ற நஷ்டம் நம்மது.

குமுளில ஒரு வேடிக்கை இருக்கு. சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல, ஆனா ஜிஎஸ்டி கணக்குல உள்ளூர். அரை மணி நேரத்துல போற குமுளி கேரளா, அதனால அது வெளிமாநில விற்பனை. பொதுவா வெளிமாநிலத்துக்குப் பொருள் வித்தா எவ்வளவு சின்ன ஆளா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேணும். கைவினைப் பொருளுக்கு ஒரு விலக்கு உண்டு: அரசு வெச்சிருக்குற பட்டியல்ல உங்க பொருள் இருந்து, வருஷ விற்பனை 20 லட்சத்துக்குள்ள இருந்தா பதிவு வேண்டாம், பான் கார்டு வேணும். பட்டியல்ல இருக்கான்னு ஒரு ஆடிட்டர்கிட்ட காட்டிக்குங்க. பெரிய சைட்டுங்க வழியா விக்கிறது தனி விதி. அதுல 2023 அக்டோபர் 1-லேருந்து, சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிற சின்ன ஆளுங்களுக்குப் பதிவு கட்டாயம் இல்லைன்னு தளர்த்தியிருக்காங்க. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் விக்க நினைக்கிறவங்க பதிவு இல்லாமலே ஆரம்பிக்கலாம், ஒரு என்ரோல்மென்ட் நம்பர் மட்டும் வாங்கணும்.

அக்காவோட வெப்சைட்ட மூடச் சொல்லல. அது இப்ப கேட்டலாக். கேக்குறவங்களுக்கு லிங்க் போகும். தனிக் கூடை 620, அடுக்கு 1,100. விலை ஏத்துனதுக்கு அப்புறம் தனிக் கூடை ஒண்ணு கூடப் போகல, அடுக்கு ரெண்டு போயிருக்கு. அந்த 42 ரூபாய் போதுமான்னு கேட்டா, எனக்குப் போதாதுன்னுதான் தோணுது. அடுத்த விசேஷ சீசனுக்கு அடுக்கு 1,250 வெச்சுப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.

இப்பக் கவலை வேற. மார்கழில கல்யாணம் இருக்காது, தை பொறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல கேப்பாங்க. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழைல நாரு காயாது, காயாத நாருல பின்னுனா பத்தே நாள்ல கறுத்துடும். அதனால தைக்கு வேண்டிய நார் முழுசும் புரட்டாசி வெயில்லயே காஞ்சு உள்ள போயிருக்கணும். 150 கூடைக்கான மட்டை மாடில காயுது. இன்னொரு நூறுக்கும் சேர்த்துக் காய வைக்கலாமா வேண்டாமான்னு இந்த வாரம் முடிவு பண்ணணும்.